பட்டா இல்லாத ஆடுகளம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

படித்து முடித்ததும் என்ன செய்யப் போகிறாய்? இந்தக் கேள்வியைக் கேளாத வீடு நம் மாவட்டத்தில் இல்லை. அதற்கு விடை வைத்திருக்கும் மாணவரோ நம் கல்லூரியில் மிகுதியாக இல்லை. ஆசிரியப் பயிற்சி என்பார் சிலர். தேர்வாணையத்தின் குரூப் நான்கு என்பார் பலர். மறைமலைநகருக்கும் ஒரகடத்துக்கும் ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்தைக் காட்டி, அதில் ஓர் இருக்கை கிடைத்தால் போதும் என்பாரும் உண்டு. இந்த விடைகளுக்கு நடுவே அண்மைக் காலமாகப் புதிய விடை ஒன்று காதில் விழுகிறது. "நான் ஆட்டக்காரன் ஆவேன்" என்கிறார்கள். கிரிக்கெட்டா, கபடியா என்று கேட்டால் இல்லை என்று தலையை அசைத்துக் கைப்பேசியைக் காட்டுகிறார்கள்.

பெரியவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு சினம் கொள்கிறார்கள். சிரிப்பும் சினமும் விடையாகா. உலகத்தில் ஒரு கூட்டம் இளைஞர்கள் இதைத் தொழிலாகக் கொண்டு, மாதச் சம்பளம் பெற்று, பயிற்றுநர் வைத்துக்கொண்டு, அயல்நாடு சென்று ஆடி வருகிறார்கள் என்பது உண்மை. அந்த உண்மையின் நிறை குறைகளைப் பொருளியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். கேலி செய்வோர் பக்கமும் நான் இல்லை. கொடி பிடிப்போர் பக்கமும் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். மின்விளையாட்டு என்றதும் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் கதையை எடுத்துப் பேசுவோர் நம்மிடையே மிகுதி. அது சூது. வள்ளுவர் அதற்கு 94ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். நம் மாநிலச் சட்டமன்றம் 2022ல் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றி, அது ஆளுநரிடமிருந்து திரும்பி வர, மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுகளுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டத்துக்குத் தடை. கைத்திறனும் மதித்திறனும் மட்டுமே வெற்றியை முடிவு செய்யும் போட்டிக்கு, அதாவது மின்விளையாட்டுக்கு, விளையாட்டு என்ற ஏற்பு. அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், மின்விளையாட்டு மத்திய விளையாட்டுத் துறையின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. ஆகவே இதைச் சூதோடு சேர்த்துத் திட்டுவது அறியாமை. நான் பேசப்போவது இந்த இரண்டாம் வகையைப் பற்றி மட்டுமே.

அடுத்தது, இது சோம்பேறிகளின் தொழில் என்ற எண்ணம். தென்கொரியாவைப் பாருங்கள். 1997ன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்நாட்டில் தெருவுக்குத் தெரு கணினி நிலையங்கள் முளைத்தன. வேலையிழந்த இளைஞர் அங்கே கூடி ஸ்டார்கிராப்ட் என்ற ஆட்டத்தை ஆடினார்கள். 2000ல் அதற்கென ஒரு சங்கமே தோன்றியது. தொலைக்காட்சி அலைவரிசைகள் பிறந்தன. அந்த மண்ணில் வளர்ந்தவர்தான் லீ சாங்-ஹ்யோக். பேக்கர் என்ற ஆட்டப்பெயரால் உலகம் அவரை அறியும். 2013ல் மேல்நிலைப் பள்ளிப் படிப்பை இடையில் விட்டு லீக் ஆப் லெஜெண்ட்ஸ் ஆடும் தொழில்முறை அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டே உலகப் பட்டம். பிறகு 2015, 2016, 2023, 2024, 2025 என ஆறு முறை பட்டம். 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கொரிய அணியிலும் இருந்தார். அதனால் அந்நாட்டு இளைஞர் அனைவர்க்கும் கட்டாயமான படைப்பணியிலிருந்து விலக்குப் பெற்றார். ஓர் அரசு தன் போர்ப்படைக்கு வரவேண்டிய ஒருவனை, "நீ ஆடியதே போதும்" என்று விடுவிக்கிறது என்றால், அந்த ஆட்டத்தை விளையாட்டுப் பிள்ளைத்தனம் என்று எப்படிச் சொல்வது?

மறுபக்கமும் உண்டு. சீனத்தில் ஊசி என்ற ஆட்டப்பெயர் கொண்ட ஜியான் சிஹாவ் அதே ஆட்டத்தின் பெரும் வீரர். 2020 ஜூனில் ஓய்வு அறிவித்தார். அப்போது அவர் வயது 23. இரண்டாம் வகை நீரிழிவு, கையில் நாட்பட்ட வலி, தூக்கக் குறைவு என்று உடல் கெட்டிருந்தது. (பிறகு சிறிது காலம் திரும்பி வந்தார் என்பது வேறு.) நம் வீடுகளில் 23 வயதில் ஒருவன் வேலைக்கே அப்போதுதான் போகத் தொடங்குவான். ஆகவே இது சோம்பேறியின் தொழில் அன்று. உடலைத் தின்னும் தொழில். கபடி ஆடுபவனுக்கு முழங்கால் போவதுபோல் இவனுக்கு மணிக்கட்டும் கண்ணும் போகின்றன.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். எங்கள் கருங்குழியில் மாலை வேளையில் மதுராந்தகம் ஏரிக் காற்று வாங்கப் போகிறவர்கள், அங்கங்கே நால்வர் நால்வராக உட்கார்ந்து கைப்பேசிக்குள் குனிந்திருக்கும் இளைஞர்களைக் காணலாம். அப்படிப்பட்ட நால்வரில் ஒருவன் என் பெரியம்மா மகன். எனக்கு அண்ணன் முறை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டோடு நின்றவன். கருங்குழியில் ஒருவன், மதுராந்தகத்தில் ஒருவன், அச்சிறுபாக்கத்தில் ஒருவன், திண்டிவனத்தில் ஒருவன் என்று அவர்கள் ஸ்குவாட். அதில் எங்கள் அண்ணன்தான் ஐ.ஜி.எல்., அதாவது ஆட்டத்தின் நடுவே எங்கே இறங்குவது, எப்போது நகர்வது என்று கட்டளையிடுபவன். பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பதினொன்று வரை பயிற்சி ஆட்டம். பிறகு அன்று தோற்ற ஆட்டங்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, யார் எங்கே தவறினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவான். அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் அவன் அவ்வளவு எழுதியிருந்தால் அரியர் எதுவும் நின்றிருக்காது என்று பெரியப்பா சொல்வார், அதுவும் உண்மைதான்.

அவர்கள் ஆடியது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. அதன் வரலாறே ஒரு பாடம். முதலில் பப்ஜி என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. 2020 செப்டம்பர் 2ஆம் நாள் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. அதன் கொரிய உரிமையாளரான கிராப்டான் நிறுவனம் பெயர் மாற்றி, இந்தியாவுக்கென்றே அமைத்து, 2021 ஜூலையில் மறுபடியும் கொண்டுவந்தது. 2022 ஜூன், ஜூலையில் 1.5 கோடி ரூபாய் பரிசுப் போட்டி ஒன்று ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்பானது. கிரிக்கெட் வரும் இடத்தில் கைப்பேசி ஆட்டம்! அண்ணனுடைய கூட்டாளிகள் அதை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். அந்தப் போட்டி முடிந்து இரண்டு வாரம் ஆகவில்லை. ஜூலை 28ஆம் நாள் மாலை அந்த ஆட்டம் கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. அரசின் ஆணை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ்.

2022 ஜூலை 28. அந்த நாளில் நம் மாநிலத்தில் வேறொன்றும் நடந்தது. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடைப் பிரதமர் தொடங்கி வைத்த மாலை அது. மறுநாள் நம் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஆட்டம் தொடங்கியது. 180க்கும் மேற்பட்ட நாடுகள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' எங்கு பார்த்தாலும் கும்பிட்டுக்கொண்டு நின்றது. நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டமாக மாறியது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த எங்களுக்குப் பள்ளியில் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் வந்து, எதுவும் பேசாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். செய்தி தெரிந்ததும் எங்கள் ஆயா கேட்ட கேள்வி இது:

"ஏண்டா கண்ணு, அந்தப் பசங்களும் உக்காந்த எடத்துலதான் ஆடறாங்க, நீயும் உக்காந்த எடத்துலதான் ஆடற. அவங்களுக்கு மால போடறாங்க. உன்னுது மட்டும் ஏன் நிறுத்திட்டாங்க?"

"அது வேற, இது வேற ஆயா" என்றான் அண்ணன். அதற்கு மேல் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியவில்லை. படிக்காத ஆயாவின் கேள்விக்கு விடை தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

அது வேறு, இது வேறு என்று எதை வைத்துச் சொல்வது? ஒன்று மரப்பலகை, மற்றது திரை என்றா? அந்த வேறுபாடு நிற்காது. 2020ல் தொற்றுக் காலத்தில் சதுரங்க ஒலிம்பியாடே இணையத்தில்தான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் இணைய இணைப்பு அறுந்து நம் வீரர் இருவர் கடிகாரம் தீர்ந்துபோக, இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். 2025ல் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பையில் சதுரங்கத்தையும் ஓர் ஆட்டமாகச் சேர்த்தார்கள். பரிசுத் தொகை 15 லட்சம் டாலர். மாக்னஸ் கார்ல்சன் வென்றார். நம் நாட்டு அர்ஜுன் எரிகைசி நான்காம் இடம் பெற்றார். மாமல்லபுரத்தில் மரக்காயாக இருந்தது ரியாத்தில் திரையில் ஒளிரும் காயாயிற்று. பெயரும் மின்விளையாட்டு ஆயிற்று. அதே குதிரை, அதே யானை.

படிப்பை விட்டதுதான் வேறுபாடு என்பார் சிலர். இதுவும் பொருந்தாது. நம் சென்னையின் குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பின் முழுநேரப் பள்ளிக்குச் செல்லவில்லை. மருத்துவரான அவர் தந்தை மகனோடு பயணம் செய்வதற்காகத் தம் தொழிலையே ஒதுக்கி வைத்தார். மாமல்லபுரத்தில் முதல் எட்டு ஆட்டங்களையும் அந்தப் பிள்ளை வென்று, முதல் பலகைக்கான தங்கத்தைப் பெற்றான். 2024 டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக வெற்றி வீரன் ஆனான். தமிழக அரசு 5 கோடி ரூபாய் தந்தது. அவனைப் பார்த்துப் படிப்பைக் கெடுத்துக்கொண்டான் என்று எவரும் சொல்லவில்லை. வென்றவன் என்பதால் சொல்லவில்லை என்று நீங்கள் சொல்லலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி வேறிடத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து.

சதுரங்கத்துக்கு உரிமையாளர் இல்லை. அது என்னுடையது என்று பத்திரம் காட்ட எந்தக் கம்பெனியாலும் இயலாது. நாளை உலகச் சங்கமே கலைந்து போனாலும், கருங்குழி இரயில் நிலையத்து நடைமேடையில் இருவர் சாக்பீசால் கட்டம் வரைந்து ஆடலாம். குகேஷ் கற்ற வித்தை ஒரு துளியும் வீணாகாது. மின்விளையாட்டு அப்படியன்று. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அவர் கதவைச் சாத்தினால், ஆடுகிறவனுடைய ஐந்து வருடத் திறமை அந்த இரவோடு அந்தரத்தில் நிற்கும்.

இதை விளங்கச் சொல்ல எங்கள் ஊர் வரலாறே கை கொடுக்கிறது. கருங்குழி இன்று நெடுஞ்சாலை ஓரத்துப் பேரூராட்சி. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்துக் கலெக்டரின் தலைமையிடமாக இருந்த ஊர். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வரும் கலெக்டர் லயோனல் பிளேஸ் காலத்திலும் அதன் பின்னரும் இந்தப் பகுதியில் ஓயாமல் நடந்த வழக்கு, நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே. மிராசுதார் ஒரு பக்கம். உழுகிற பாயகாரி மறுபக்கம். பாயகாரியிலும் இரண்டு வகை. ஊரிலேயே குடியிருந்து தலைமுறை தலைமுறையாக உழும் உள்குடிப் பாயகாரியை எளிதில் வெளியேற்ற முடியாது. வெளியிலிருந்து வந்து ஒரு பருவம், இரு பருவம் உழும் புறகுடிப் பாயகாரிக்கு அந்தப் பிடிமானம் இல்லை. அவன் நல்ல உழவனாக இருக்கலாம். மிராசுதாரை விட மண்ணை நன்றாக அறிந்தவனாகவும் இருக்கலாம். அறுவடை முடிந்ததும் போ என்றால் போக வேண்டியவன்தான்.

இன்றைய மின்விளையாட்டு வீரன் புறகுடிப் பாயகாரி. உழைப்பு அவனுடையது, நிலம் அவனுடையது அன்று.

இது மிகையன்று என்பதற்கு உலகமே சாட்சி. பிளிசார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் ஹீரோஸ் ஆப் த ஸ்டார்ம் என்ற ஆட்டத்துக்கு உலகத் தொழில்முறைப் போட்டித் தொடர் நடத்திவந்தது. 2018 டிசம்பர் 13ஆம் நாள், அடுத்த ஆண்டு முதல் அது இல்லை என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அந்த ஒரு தாளில் உலகமெங்கும் அந்த ஆட்டத்தை நம்பிய வீரர், பயிற்றுநர், வருணனையாளர் எல்லாரும் வேலை இழந்தார்கள். நம் நாட்டுச் செய்தி இன்னும் நெருக்கமானது. 2018ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டைக் கண்காட்சிப் போட்டியாக வைத்தபோது, குஜராத்தின் தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டாட்டத்தில் வெண்கலம் பெற்றார். பதக்கக் கணக்கில் அது சேரவில்லை. அடுத்த ஆசிய விளையாட்டில் அதே ஆட்டம் பதக்கப் போட்டியாகவே அறிவிக்கப்பட்டது. இந்தியத் தேர்வில் வென்றவர்கள் காத்திருந்தார்கள். அதற்குள் பிளிசார்டுக்கும் அதன் சீனக் கூட்டாளி நெட்ஈஸ் நிறுவனத்துக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் முறிந்து, 2023 ஜனவரியில் சீனத்தில் அந்த ஆட்டமே நின்றது. போட்டிப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இரண்டு கம்பெனிகளின் வாணிகச் சண்டையில் நம் இளைஞர்களின் ஆசியப் போட்டி போயிற்று. ஓட்டப்பந்தயத்தில் இப்படி நடக்குமா? நூறு மீட்டர் தூரத்துக்கு உரிமம் காலாவதி ஆனது என்று எவராவது கேள்விப்பட்டதுண்டா?

ஒலிம்பிக் கதையும் இதுதான். 2024 ஜூலையில் அனைத்துலக ஒலிம்பிக் குழு, சவூதி அரேபியாவோடு பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தம் செய்து மின்விளையாட்டு ஒலிம்பிக் என்று முழங்கியது. 2025 அக்டோபரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. நடுவில் எத்தனை வீட்டில் "அம்மா, ஒலிம்பிக்கிலேயே வரப்போகுது" என்று சொல்லிப் புதுக் கைப்பேசி வாங்கினார்களோ!

என் அறை நண்பன் ஒருவன் இந்த வாதத்தை ஏற்கவில்லை. "கிரிக்கெட்டுக்கும் வாரியம் உரிமையாளர்தானே? ஒளிபரப்பு உரிமை விற்கிறார்களே?" என்றான். நல்ல கேள்வி. ஆனால் வாரியத்துக்குச் சொந்தமானது போட்டி, ஆட்டம் அன்று. வாரியத்தோடு பிணங்கியவன் தன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டில் ஆடலாம், தெருவில் ஆடலாம், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கலாம். பேட்டில்கிரவுண்ட்ஸ் ஆடுபவனுடைய பந்தும் மட்டையும் திடலும் வானமும் ஒரே நிறுவனத்தின் கணினிக்குள் இருக்கின்றன. "பேக்கர் பன்னிரண்டு ஆண்டு ஓங்கி நிற்கிறாரே" என்றான் அடுத்து. நிற்கிறார். விளைச்சல் தரும் பாயகாரியை எந்த மிராசுதாரும் விரட்டமாட்டார். விளைச்சல் குறையும் நாளில்தான் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியவரும்.

வருமானத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. மேல்தட்டில் உள்ள சில அணிகளின் வீரர்க்கே மாதச் சம்பளம். மற்றவர் பரிசுப் பணத்தையும், தாம் ஆடுவதை யூடியூபில் காட்டி வரும் காசையும் நம்பியிருக்கிறார்கள். அண்ணனுடைய நால்வர் குழு ஒரு முறை சிறிய போட்டியொன்றில் மூன்றாம் இடம் பெற்றது. பரிசு தருவதாகச் சொன்ன அமைப்பு மாதக்கணக்கில் இழுத்தடித்துப் பாதியைத் தந்தது. கேட்க ஒப்பந்தம் இல்லை. வழக்குப் போட முகவரி இல்லை. ஒரு வாட்ஸாப் எண் இருந்தது. அதுவும் பிறகு எடுப்பதில்லை.

மாணவியரைப் பற்றியும் ஒரு சொல். மாமல்லபுரத்தில் நம் மகளிர் அணியும் வெண்கலம் வென்றது. சென்னையின் வைஷாலி அதில் ஆடினார். ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார். சதுரங்கத்தில் பெண்ணுக்கு ஓர் ஏணி இருக்கிறது. கைப்பேசி ஆட்டத்தில் என் வகுப்புத் தோழி ஒருத்தி ஆண்பெயரில் ஆடுகிறாள்; ஒலிவாங்கியைத் திறப்பதே இல்லை. திறந்தால் காதில் விழும் சொற்களை இந்த மலரில் அச்சிட முடியாது. திறமைக்கு ஆண் பெண் இல்லை என்று மேடையில் பேசும் ஆட்டக்காரத் தோழர்கள் முதலில் இதைச் சீர்செய்யட்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஆடாதே என்று சொல்ல நான் யார்? ஆனால் புறகுடிப் பாயகாரி ஒருவன் தன் ஊரில் உள்ள கையகல நிலத்தையும் விற்றுவிட்டுப் பிறர் நிலத்தை உழப் போகமாட்டான். நம் போன்றவர்க்கு அந்தக் கையகல நிலம் பட்டப்படிப்பு. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் மாணவன், தந்தை பருவகால வேலையில் ஓட்டும் குடும்பத்துப் பிள்ளை, அதை இழந்தால் திரும்பப் பெறுவது எளிதன்று. குகேஷின் வீட்டில் விழுந்தால் தாங்க மருத்துவரான தந்தையும் நுண்ணுயிரியலாளரான தாயும் இருந்தார்கள். பெரியப்பா வீட்டில் தாங்க எவரும் இல்லை. எனவே மூன்று ஆண்டும் வகுப்புக்கு வந்து, அரியர் வைக்காமல், மீதி நேரத்தில் ஆடுங்கள் என்பேன். அப்படி ஆடினால் உலகப் பட்டம் வராது என்பார்கள். வராமல் போகலாம்.

ஆனால் பொறுப்பை முழுவதும் மாணவன் தலையில் கட்டுவது நேர்மையன்று. பாயகாரியின் நிலைமை அவன் அறிவுரை கேட்டதனால் மாறவில்லை. சட்டம் வந்ததால் மாறியது. கொரியாவில் 2012லேயே மின்விளையாட்டுக்கென்று தனிச் சட்டம் உண்டு. 2019ல் இளம் வீரர் ஒருவரை அணி நிர்வாகம் தகாத ஒப்பந்தத்தில் கட்டிப்போட்ட செய்தி வெடித்தபின், அரசே முன்வந்து மாதிரி ஒப்பந்தம் வகுத்தது. நம் நாட்டுச் சட்டம் மின்விளையாட்டை விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்பு வேறு, காப்பு வேறு. 18 வயது நிரம்பாதவனோடு ஒப்பந்தம் செய்யும் அணி எதை எழுதித்தர வேண்டும்? பரிசுப் பணத்தை எத்தனை நாளுக்குள் தர வேண்டும்? போட்டித் தொடரை மூடும் நிறுவனம் எத்தனை மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும்? இதை எழுதி வைத்தால் மிராசுதாருக்கு நட்டமில்லை. ஒரு பருவப் பயிரையாவது பாயகாரி அறுத்துக்கொண்டு போவான்.

அரசு ஓர் ஆட்டத்தை நிறுத்தும்போதும் இதே கேள்வி எழுகிறது. நாட்டின் பாதுகாப்புக்குத் தடை வேண்டுமென்றால் வேண்டும்தான். அதை எடைபோடும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு தொழிற்சாலையை மூடினால் தொழிலாளிக்கு இழப்பீடு என்று ஒரு பேச்சாவது எழுகிறது. 2022 ஜூலையில் அப்படி ஒரு பேச்சு எழுந்ததாக எனக்கு நினைவில்லை. 2023 மே மாதக் கடைசியில் அந்த ஆட்டம் மூன்று மாதச் சோதனை என்ற பெயரில், 18 வயதுக்குக் குறைந்தவர்க்கு நாளொன்றுக்கு மூன்று மணி, மற்றவர்க்கு ஆறு மணி என்ற வரம்போடு திரும்பி வந்தது. பத்து மாதம் போயிற்று. இருபது வயதுக்காரனுக்கு, அதுவும் 23ல் ஓய்வு பெறும் தொழிலில், பத்து மாதம் என்பது சிறு காலமா?

அண்ணனின் ஸ்குவாட் அதற்குள் கலைந்துவிட்டது. திண்டிவனத்துக்காரன் பழக்கடையில் இருக்கிறான். அச்சிறுபாக்கத்துக்காரன் கம்பெனிப் பேருந்தில் போகிறான். அண்ணன் பாலிடெக்னிக் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதி முடித்து, இப்போது செங்கல்பட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறான். வேறு ஊர்ப் பையன்களின் ஸ்குவாட் ஒன்றுக்கு வாரம் இரண்டு நாள் பயிற்சி சொல்லித் தருகிறானாம். காசு வாங்குவதில்லை. அந்த நோட்டை மட்டும் இன்னும் எழுதுகிறான்.

நம் கல்லூரியிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. உடற்கல்வித் துறையின் அறிவிப்புப் பலகையில் கபடி, கைப்பந்து, தடகளம், சதுரங்கம் என்று அணித் தேர்வு அறிவிப்பு வருகிறது. மின்விளையாட்டு ஆடும் மாணவர் யார் யார் என்று ஒரு பெயர்ப் பட்டியலாவது அங்கே தொடங்கலாம். கேண்டீன் பின்புறம் ஒளிந்து ஆடுகிறவன் பெயர் கொடுத்து ஆடட்டும். வருகைப் பதிவு எழுபத்தைந்து விழுக்காடு இருந்தால்தான் பட்டியலில் பெயர் என்று விதி வைக்கட்டும். எவனிடமாவது ஓர் அணி ஒப்பந்தத் தாளை நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் வணிகவியல் துறைப் பேராசிரியர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துச் சொல்லட்டும். இதற்குப் பணம் எதுவும் ஆகாது. பேராசிரியரின் அரை மணி நேரமும் ஒரு மூக்குக்கண்ணாடியும் போதும்.